இன்பமேரி கம்ப்யூட்டருக்குச் சொன்ன மன்றாட்டு மாலை

ஏற்காட்டில் இன்பமேரியின் முகத்தை அறியாதவர்கள் இருக்கலாம். குரலை அறியாதவர்கள் கிடையாது. கோயிலில் மன்றாட்டு மாலை சொல்கிறவள் அவள்தான். ஒவ்வொரு புனிதரின் பெயராக அவள் எடுத்துக் கொடுப்பாள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் சபை முழுவதும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லும். மைக் வேலை செய்யாத நாளில்கூட அந்தக் குரல் கோயில் வாசலைத் தாண்டி, சரிவில் இறங்கி, ஏரியில் படகு ஓட்டுகிறவர்களின் காதில் போய் விழும்.  தனக்கென்று எதையும் கேட்டிராத ஒருத்தி ஊருக்காகக் கேட்கிற குரல் அது.

"இந்தம்மா கேட்டா, மேல இருக்கறவங்க காதைப் பொத்திக்கிட்டாச்சும் குடுத்துருவாங்க" என்பார் கோயில் உபதேசியார் ஸ்தனிஸ்லாஸ்.

அந்தக் குரலை அவள் ஒரே ஒரு தடவை தனக்காகச் செலவழித்தாள். அதையும் ஒரு கம்ப்யூட்டரிடம் செலவழித்தாள்.

வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்தவள் இன்பமேரி. மிஷன் பள்ளியில் எட்டாவது. பிறகு அதே எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த லூர்துராஜுக்கு வாழ்க்கைப்பட்டாள். பிள்ளை இல்லை. அந்தக் குறையை அவள் யாரிடமும் சொல்லி அழுததில்லை. கணவர் ஓய்வு பெற்றபோது, ஒண்டிக்கடைச் சந்திப்பிலிருந்து பிரிந்து போகிற ஒரு சந்தின் கடைசியில், குடும்ப நிலத்தில் நான்கு அறைகள் கட்டினார்கள். பனித்துளி காட்டேஜ் என்று பெயர் வைத்தார்கள். அந்த நான்கு அறைகளையும் இன்பமேரி நான்கு பெண் பிள்ளைகளைப் போல வளர்த்தாள். தினமும் துடைத்தாள், ஜன்னல் திரைகளைத் துவைத்தாள், மழைக்காலத்தில் சுவரில் ஈரம் பூத்தால் காய்ச்சல் கண்ட குழந்தையைத் தொடுவதுபோல் தொட்டுப் பார்த்தாள்.

ஆனால் பெண் பார்க்க யாரும் வரவில்லை! சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களை ஏரிக்கரையின் பெரிய ஓட்டல் ஆட்கள் படிக்கட்டிலேயே மடக்கிக்கொண்டு போனார்கள். சந்துக்குள் ஒரு காட்டேஜ் இருப்பது பலாக்கொட்டை விற்கிற பாப்பாத்திக்குத்தான் தெரியும். பாப்பாத்திக்கு அறை தேவைப்படவில்லை.

இந்த நிலையில்தான் 1999ஆம் வருடம், பொங்கல் முடிந்த கையோடு, சேலம் சூரமங்கலத்திலிருந்து பெரியநாயகம் மலையேறி வந்தார். லூர்துராஜின் அண்ணன். ரயில்வேயில் கார்டாக இருந்தவர். வேலையை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும், எதிரில் நிற்பவரைத் தாமதமாக வந்த வண்டியைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். நிலத்தில் பாதி அவருடையது. தம்பியோ அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதே இல்லாதவர்.

பெரியநாயகம் நான்கு அறைகளையும் திறந்து பார்த்தார். நான்கிலும் படுக்கை விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"ஏம்மா இன்பமேரி, யாருக்கு விரிச்சு வச்சிருக்கறே? பல்லிக்கா?"

"சீசனுக்கு வருவாங்க மாமா."

"போன சீசனுக்கும் இதத்தான் சொன்னே. இந்த மே மாசம் பாக்கறேன். மலர்க் கண்காட்சி முடியறதுக்குள்ள நாலு ரூமும் ஒரு நாளாச்சும் நெறையோணும். நெறையலீன்னா பூட்டிச் சாவியக் குடுத்துட்டு ரெண்டு பேரும் சூரமங்கலம் வந்துருங்க. எங்க ஊட்டுல பின்கட்டு ரூம் சும்மாத்தான் கெடக்குது. வயசான காலத்துல குளிருல கெடந்து என்னத்துக்குச் சாகோணும்?"

லூர்துராஜ் குல்லாவைச் சரி செய்துகொண்டு, "சரிங்கண்ணா" என்றார்.

அந்த ஒரு சொல்லில் இன்பமேரியின் உயிர் பாதி போய்விட்டது. மலையில் பிறந்தவள் அவள். சேலத்துக்குப் போனால் மத்தியானத்துக்குள் மூக்கில் ரத்தம் வரும். பின்கட்டு அறை எப்படியிருக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, எதிரில் தண்டவாளம். காலையில் கண் திறந்தால் மூடுபனி இல்லை, சில்வர் ஓக் மரம் இல்லை, கோயில் மணி இல்லை. அண்ணன் இறங்கிப் போன பஸ்ஸின் சத்தம் கொண்டை ஊசி வளைவுகளில் தேய்ந்து மறையும் வரை அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். கண்ணில் நீர் நின்றதே தவிர விழவில்லை.

"ஏனுங்க, ஒரு வார்த்தை எதுத்துப் பேசக் கூடாதுங்களா?"

"எப்பிடி மேரி? அவரு பெரியவரு."

"நானுந்தான் பெரியவளாயிட்டேன். எங்கிட்ட மட்டும் யாரும் பயப்பட மாட்டேங்கறாங்களே!"

வழி காட்டியது ஒரு பெங்களூர்க்காரர். பெரிய ஓட்டல்களில் இடம் கிடைக்காமல் ஒரு ராத்திரி மட்டும் தங்கியவர், புறப்படும்போது சொன்னார். "எங்க ஆபீஸ்ல யாரும் இப்போ பஸ் ஸ்டாண்டுல விசாரிக்கறதில்லம்மா. கம்ப்யூட்டர்ல ஊர் பேரை அடிச்சுத் தேடுவாங்க. முதல்ல எது வருதோ அங்கே போவாங்க."

மறு வாரமே இன்பமேரி கணவரைக் கிளப்பிக்கொண்டு சேலத்துக்கு இறங்கினாள். ஐந்து ரோடு பக்கம் பாலசுப்பிரமணியம் என்பவர் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். கோவில்பட்டி மிட்டாய்க் கடை அளவு இடம். அதில் நான்கு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் துணித் திரை. கல்யாணப் பத்திரிகை அடிப்பது, ஜாதகம் கணிப்பது, இப்போது புதிதாக வெப்சைட். சில நாளில் அவரே மலைக்கு வந்து ஒரு போட்டோவும் எடுத்துப் போனார். காட்டேஜின் முன் நாற்காலியிலிருந்து லூர்துராஜ் எழுந்திருக்க மறுத்ததால், அவரும் படத்தில் விழுந்துவிட்டார். குரங்குக் குல்லா, சால்வை. வலது கையை நீட்டி, வெந்நீர் பாய்லரைக் காட்டிக்கொண்டிருந்தார். படத்தில் இடம் போதாமல் பாலசுப்பிரமணியம் பாய்லரை வெட்டிவிட்டார். கை மட்டும் மிச்சமிருந்தது. இருவரும் மறுபடி சேலத்துக்கு இறங்கியபோது வெப்சைட் தயாராக இருந்தது.

"வந்திருச்சுங்க்கா, உங்க சைட்டு! இனி உலகமே பாக்கும்."

"தேடிக் காட்டுங்க சாமி."

ஏற்காடு காட்டேஜ் என்று ஆங்கிலத்தில் அடித்தார். முதலில் ஏரிக்கரையின் பெரிய ஓட்டல் வந்தது. அப்புறம் இன்னொரு ஓட்டல். அப்புறம் எப்போதோ இங்கே பள்ளியில் படித்த ஒரு வெள்ளைக்காரரின் நினைவுகள். ஸ்காட்லாந்தில் ஒரு காட்டேஜ். காட்டேஜ் சீஸ் என்கிற பாலாடைக் கட்டி செய்யும் முறை. பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார். எட்டாவது பக்கத்தில், பாலாடைக் கட்டிக்கும் கீழே, பனித்துளி காட்டேஜ் கிடந்தது.

இன்பமேரி விம்மினாள். "தயிரத் துணியில கட்டிப் போட்டவனுக்கெல்லாம் கீழயா எங்க ஊட்டுப் பேரு?"

பாலசுப்பிரமணியத்துக்கு மனம் கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். "அக்கா, அமெரிக்காவுல ஒரு மிஷினு ஒக்காந்துக்கிட்டு எல்லாச் சைட்டையும் படிக்குதுங்க. அதுக்குக் கண்ணு கெடையாது, உங்க போட்டோ தெரியாது. வார்த்தைதான் தெரியும். சனங்க எந்த வார்த்தையப் போட்டுத் தேடறாங்களோ, அந்த வார்த்தை உங்க பக்கத்துல எத்தனை தடவை வருதுன்னு பாக்கும். நெறையா வந்தா மேல தூக்கும். ஏற்காடு காட்டேஜ், ஏற்காடு காட்டேஜ்னு திரும்பத் திரும்பச் சொல்லோணும்."

இன்பமேரி நிமிர்ந்தாள். "திரும்பத் திரும்பவா?"

"ஆமாங்க்கா. சலிக்காம."

"கண்ணு தெரியாது. ஆனாக் கூப்புட்டா வரும். அப்பிடித்தானுங்க?"

"அப்பிடின்னும் சொல்லலாமுங்க."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எத்தனை வருடமாக அவள் செய்து வருகிற காரியம் இது! இவ்வளவு பெரிய அமெரிக்க மிஷினுக்கும் அதுதான் பிடிக்கிறது என்றால், அந்த மிஷினைச் செய்தவன் நிச்சயம் பூசைக்குப் போகிறவனாகத்தான் இருப்பான்.

வீட்டுக்கு வந்ததும் மன்றாட்டு மாலை பிறந்தது. இன்பமேரி அடுப்படியில் நின்று ராகத்தோடு சொல்ல, லூர்துராஜ் ஆங்கிலத்தில் எழுதினார். முதலில் அவர் தயங்கினார்.

"மேரி, பேரு மட்டும் எழுதினாப் போதாதா? பின்னால ஒரு பதில் என்னத்துக்கு?"

"பதிலில்லாத மன்றாட்டு எங்கீங்க இருக்குது? அது பாதி மூச்சு விட்ட மாதிரி. எழுதுங்க. 'பெங்களூர் டூரிஸ்டுகளே, ஏற்காடு காட்டேஜ் மேல் இரக்கமாயிருங்கள்.'"

லூர்துராஜுக்கு இந்த நடை நன்றாகவே கைவந்தது. எஸ்டேட்டில் இத்தனை வருடம் அவர் எழுதிய ஆங்கிலமெல்லாம் துரைக்குப் போட்ட மனுக்கள்தான். லைன் ஒழுகுகிறது, தாங்கள் கருணை கூர்ந்து. காய்ச்சல் தீரவில்லை, தாங்கள் கருணை கூர்ந்து. இரக்கம் கேட்பதைத் தவிர வேறு எந்த ஆங்கிலமும் அவருக்குப் பழக்கமில்லை. ஆகவே மாலை அருவி மாதிரி கொட்டியது.

தேனிலவுத் தம்பதிகளே, ஏற்காடு காட்டேஜ் மேல் இரக்கமாயிருங்கள். வெந்நீர் விரும்புகிறவர்களே, ஏற்காடு காட்டேஜ் மேல் இரக்கமாயிருங்கள். குடும்பத்தோடு வருகிறவர்களே, தனியாய் வருகிறவர்களே, படகு ஏறிப் பயந்தவர்களே, பெரிய ஓட்டலில் இடம் கிடைக்காதவர்களே, ஏற்காடு காட்டேஜ் மேல் இரக்கமாயிருங்கள்! இப்படியே நீண்டது. "குளிரில் நடுங்குகிறோம்" என்று ஒரு வரியும் உண்டு. ஊர் குளிர்ச்சியானது என்பதைச் சுவையாகச் சொல்வதாக லூர்துராஜ் நினைத்தார். "அறைகள் வெறுமையாய் இருக்கின்றன" என்று இன்னொன்று. காலி அறை உண்டு என்பதை வேறு எப்படிச் சொல்வது?

பாலசுப்பிரமணியம் படித்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, மிஷினுக்கு இது அமிர்தமுங்க. ஆனா சனங்க படிச்சா ஒரு மாதிரியா இருக்கும். ஒரு தொழில் ரகசியம் சொல்றனுங்க. வெள்ளைப் பக்கத்துல வெள்ளை எழுத்துலயே போட்டு உட்ரலாம். மிஷினு படிச்சுக்கும். மனுசங்க கண்ணுக்குத் தெரியாது. எல்லாரும் அப்பிடித்தான் பண்றாங்க."

இன்பமேரிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "என்னங்க தம்பி பேசறீங்க? கேக்கறத ஒளிச்சு வச்சுக் கேக்கறதுக்கு நான் என்ன களவாணிப் பொம்பளையா? கருப்பு எழுத்துல, பெருசாப் போடுங்க. போட்டோவுக்கு அடியிலயே போடுங்க."

போட்டோவுக்கு அடியிலேயே போட்டார். கையை நீட்டிய லூர்துராஜ். அவருக்குக் கீழே, ஒரு முழ நீளத்துக்கு, இரக்கமாயிருங்கள்.

ஏப்ரல் பிறந்தபோது ஒண்டிக்கடை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. பூத்துக்காரர் கோவிந்தராஜ் சந்து முழுக்க ஓடி வந்து கத்தினார். "அக்கா! சேலத்துல இருந்து பாலு பேசுனாருங்க. நீங்க பஸ்ட்டாம்! உலகத்துலயே பஸ்ட்டாம்!"

இன்பமேரி சிலுவை போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோவிந்தராஜ் அவளுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார். காட்டேஜ் சீஸ் இரண்டாவது இடத்தில் இருந்ததாம்.

ஆனால் ஆட்கள் வரவில்லை. பார்சல்கள் வந்தன.

முதலில் ஒரு அட்டைப் பெட்டி. அப்புறம் ஒரு கோணிச் சாக்கு. தபால்காரர் வேலுசாமி மூச்சு வாங்கச் சுமந்து வந்து வாசலில் போட்டார். எல்லாம் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும். பனித்துளி காட்டேஜ், ஏற்காடு என்று முகவரி.

"என்னுங்க இது? பிரிச்சுப் பாக்கறதுங்களா?" என்றார் வேலுசாமி ஆவலோடு.

"கை வச்சுராதீங்க!" என்று தடுத்தார் லூர்துராஜ். துரைகள் ஊட்டியிலிருந்து வரும்போது பெட்டி முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார் என்பது அவர் கண்ட நடைமுறை. "டூரிஸ்டுங்க லக்கேஜு. மொதல்ல சாமான அனுப்பிட்டு, சாவகாசமா வருவாங்க. பெரிய எடத்துப் பழக்கம்."

அனுப்பியவர் பெயர் வாரியாகப் பெட்டிகளை அறைகளில் அடுக்கினார்கள். ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு குவியல். இன்பமேரி தினமும் அவற்றைத் தூசு தட்டினாள். ஒரு சாக்கிலிருந்து பால் பவுடர் வாசனை வந்தது. கைக்குழந்தையோடு வருகிறார்கள் போலிருக்கிறது என்று ஒரு தொட்டிலும் கட்டி வைத்தாள். மே மாதம் வந்தது. மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் மலையேறியது. பெட்டிக்காரர்கள் மட்டும் வரவில்லை. கண்காட்சியின் கடைசி நாளன்று இன்பமேரி தலைவாசலில் நின்று சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சாவி வாங்க மூத்தார் பெரியநாயகம் வந்துவிடுவார்.

பதினோரு மணிக்கு ஒரு வேன் சந்துக்குள் திரும்பியது.

அதிலிருந்து ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டம் இறங்கியது. தலைமை தாங்கி வந்தவர் ஞானசுந்தரம் என்று பெங்களூரில் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே ஒரு டாக்டரம்மா. இன்பமேரியின் கண்களுக்கு அவர்கள் வானதூதர்களாகத் தெரிந்தார்கள். யாரையும் ஒரு வார்த்தை பேச விடாமல் நான்கு அறைகளையும் திறந்து, கைப்பைகளை வாங்கி உள்ளே வைத்து, பாய்லருக்கு விறகு போட்டாள். நான்கு அறைகளும் நிறைந்துவிட்டன! அடுப்படிக்குள் ஓடி, மிளகுக் குழம்புக்கு அம்மியில் அரைக்கத் தொடங்கினாள். அரைத்துக்கொண்டே அழுதாள். மிளகு கண்ணில் பட்டதால் இன்னும் அழுதாள்.

வெளியே ஞானசுந்தரம் பெட்டிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நாங்க அனுப்பின ஸ்வெட்டர் எதையும் பிரிக்கவே இல்லையே?"

"எப்பிடிங்க பிரிப்போம்?" என்றார் லூர்துராஜ், நாற்காலியில் சால்வைக்குள் நடுங்கியபடி. "அது உங்களுதாச்சேங்க."

கூட்டத்தில் இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். "இத்தனை குளிருல, பக்கத்திலேயே ஸ்வெட்டர் இருந்தும் தொடாம இருந்திருக்காரு பாருங்க!" டாக்டரம்மா வந்து லூர்துராஜின் நாடியைப் பிடித்தார். இன்னொருவர் அவருக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டரை மாட்டிவிட்டார். பெங்களூர் ஆட்கள் இவ்வளவு மரியாதை தெரிந்தவர்களா என்று லூர்துராஜ் நெகிழ்ந்துபோனார்.

அந்த நேரத்தில்தான் பெரியநாயகம் வந்து சேர்ந்தார்.

கொண்டை ஊசி வளைவுகள் அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. பஸ்ஸில் மூன்றாவது வளைவிலேயே தொடங்கி, ஏற்காடு வரும் வரை ஜன்னலுக்கு வெளியேதான் தலை. சட்டை நனைந்து, முடி பறந்து, ஒரு செருப்பை எங்கோ தொலைத்து, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சந்துக்குள் வந்தவரைப் பார்த்ததும் சேவை செய்ய வந்தவர்கள் பதறிவிட்டார்கள். அவர்கள் தேடி வந்தவர்களில் இவரும் ஒருவர் என்பதில் யாருக்கும் சந்தேகமே எழவில்லை.

"ஐயோ, பெரியவரே! வாங்க, மெதுவா, மெதுவா."

"அக்கட்டால போங்கய்யா! யாரு நீங்கெல்லாம்? லூர்து! டேய் லூர்து!"

"பயப்படாதீங்க. இனிமே உங்களை நாங்க பாத்துக்கறோம்."

"என்னை எதுக்குப் பாக்கோணும்? நான் ரயில்வே கார்டுய்யா!"

ஞானசுந்தரம் அவர் தோளை அணைத்துக்கொண்டார். "எல்லாரும் ஒரு காலத்துல எங்கேயாவது இருந்தவங்கதான் ஐயா. மனசைத் தளர விடாதீங்க."

அரைமணி நேரத்தில் பெரியநாயகத்துக்கு வெந்நீரில் குளியல் நடந்தது. நகம் வெட்டினார்கள். தலையில் எண்ணெய் வைத்தார்கள். டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார். ஒரு பெண் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். முதல் கரண்டிக்குத் துப்பினார். இரண்டாவது கரண்டிக்கு முறைத்தார். மூன்றாவது கரண்டிக்கு, "சூடு பத்துதாங்க ஐயா? இன்னும் கொஞ்சம் சாப்பிடறீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். பெரியநாயகம் அவளை நிமிர்ந்து பார்த்தார். மனைவி போன பிறகு சூரமங்கலத்து வீட்டில் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் இல்லை. அவர் தானாகவே வாயைத் திறந்தார்.

குழம்புச் சட்டியோடு வெளியே வந்த இன்பமேரி இந்தக் காட்சியைக் கண்டு திகைத்தாள். மூத்தார் ஒரு கம்பளிக்குள் குழந்தைபோல் உட்கார்ந்திருக்கிறார். கணவர் சிவப்பு ஸ்வெட்டரில் ஜொலிக்கிறார். வேனின் பக்கத்தில் ஒரு பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெங்களூர்த் தமிழ்ப் பெரியோர் சேவை மன்றம்; ஏற்காடு ஆதரவற்றோர் இல்லத்தில் நலத்திட்ட உதவிகள்.

"அம்மா, நீங்கதானே இல்லத்து நிர்வாகி?" என்று கேட்டார் ஞானசுந்தரம். "உங்க விண்ணப்பத்தை என் பையன் கம்ப்யூட்டர்ல காட்டினான். இரக்கமாயிருங்கள், இரக்கமாயிருங்கள்! படிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. அந்தப் பெரியவர் கையேந்தி உக்காந்திருந்த படம்... மத்த ஆதரவற்றவங்கெல்லாம் எங்கேம்மா?"

இன்பமேரிக்கு எல்லாம் புரிந்தது. காலடியில் மலையே நழுவியது.

கம்பளிக்குள்ளிருந்து மூத்தார் அவளைப் பார்த்தார். "நாலு ரூமும் நெறஞ்சிருச்சே, இன்பமேரி" என்றார், ஒப்புக்கொள்ள மனமில்லாமல் ஒப்புக்கொள்ளும் குரலில். அதாவது அவள் ஜெயித்துவிட்டாள். அவள் வாய் திறக்காமல் இருந்தால் போதும். இந்த மலை அவளுக்கு. மூடுபனி அவளுக்கு. கோயில் மணி அவளுக்கு. லூர்துராஜும் கண்ணாலேயே கெஞ்சினார்: பேசாதே மேரி, ஒரு நாளைக்கு மட்டும் பேசாதே.

பேசத்தான் செய்தாள், பாவி மகள்!

"ஐயா, இது இல்லமில்லீங்க. லாட்ஜுங்க. இது எங்க ஊட்டுக்காரரு. கையேந்தலீங்க, பாய்லரக் காட்டுனாரு. அது எங்க மூத்தாரு, சொந்த ஊட்டோட நல்லா இருக்கறவரு. இங்க ஆதரவில்லாதவங்க யாருமே இல்லீங்க."

 கஞ்சிக் கரண்டி பாதி வழியில் நின்றது.

"அப்போ இரக்கம் கேட்டது யாரு?" ஞானசுந்தரத்தின் குரல் உயர்ந்தது.

"நாந்தானுங்க. ரூமு காலியாக் கெடந்துச்சு. நெறையலீன்னா என்னை மலைய உட்டு எறக்கிப் போடுவாங்க. திரும்பத் திரும்பச் சொன்னா அந்த மிஷினு கேக்குமுன்னாங்க. எனக்குத் திரும்பச் சொல்லத் தெரிஞ்சது மன்றாட்டு ஒண்ணுதானுங்க. இரக்கப்பட்டு ரெண்டு நாள் தங்கீட்டுப் போவீங்கன்னு நெனச்சுத்தான் கேட்டேன். ஸ்வெட்டரு கேக்கலீங்க!"

சொல்லி முடித்ததும் அவள் முகத்தை மூடிக்கொண்டாள். ஞானசுந்தரம் முகம் சிவந்தார். ஏமாற்று வேலை என்றார். பேங்கில் எத்தனையோ மோசடியைப் பார்த்தவன் நான் என்றார். பெட்டிகள், சாக்குகள், பால் பவுடர், பேனர் எல்லாம் வேனில் ஏறின. லூர்துராஜின் ஸ்வெட்டரையும் கழற்றினார்கள். அதில் அவர் குல்லாவும் சேர்ந்து போய்விட்டது. பெரியநாயகத்தின் கம்பளியை உருவப் பார்த்தபோது அவர் விடவில்லை. இழுத்துப் பார்த்துவிட்டு, சரி, கிழவன் பிழைத்துப் போகட்டும் என்று விட்டார்கள். வேன் போய்விட்டது.

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இன்பமேரி நான்கு அறைகளின் சாவிகளையும் ஒரு தட்டில் எடுத்து வந்து மூத்தார் முன்னால் வைத்தாள். 

"நீங்க சொன்ன மாதிரி வந்தர்றோம் மாமா. துணிமணி எடுத்து வைக்கறேன்."

 வானம் இருட்டிக்கொண்டு வந்து, கோடை மழை தகரத்தில் கொட்டியது. பெரியநாயகம் சாவிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, கம்பளியைப் போர்த்தியபடி எழுந்து, முதலாம் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

"உங்கண்ணாவுக்கு என்னாச்சுங்க?" என்றாள் இன்பமேரி.

"தெரியலியே. வாந்தி வருதோ என்னமோ."

மழை விட்டதும் சந்து முனையில் மறுபடியும் வேன் விளக்கு தெரிந்தது. இறங்கிப் போகிற வழியில் ஒரு பெரிய மரம் ரோட்டின் குறுக்கே சாய்ந்துவிட்டதாம். அறுத்து எடுக்க விடிந்துவிடுமாம். ஏரிக்கரை ஓட்டல்களில் கேட்டிருக்கிறார்கள். கண்காட்சிக் கூட்டம், எங்கும் இடமில்லை. ஞானசுந்தரம் நனைந்த கோழி மாதிரி படியில் நின்றார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அம்மா... ரூம் இருக்குங்களா?"

அந்த சீசன் முழுக்க இன்பமேரி கேட்கக் காத்திருந்த வார்த்தை! நெஞ்சு விம்மியது. இருந்தாலும் லாட்ஜ்காரி என்பதால் குரலைச் சரி செய்துகொண்டாள்.

"இருக்குதுங்க. வெந்நியும் இருக்குது. நாலு ரூமு." சொல்லிவிட்டுத் திரும்பி முதலாம் அறைக் கதவைத் தட்டினாள். "மாமா, ஆளு வந்திருக்காங்க. செத்த தெறங்க."

"தெறக்க முடியாது" என்றது உள்ளிருந்து குரல். "இதுல ஆளிருக்குது."

"நாலும் நெறையோணும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க!"

"அதான் நெறஞ்சிருச்சே! மூணுல அவங்க, ஒண்ணுல நான். கணக்குச் சரியாப் போச்சு."  பிறகு தாழ்ந்த குரலில், "நீங்க ரெண்டு பேரும் கீழ வர வேண்டாம். நான் மேலயே இருந்துக்கறேன். சூரமங்கலத்துல வேக்காடு" என்றது. அதற்குப் பிறகு, இன்னும் தாழ்ந்து, "கஞ்சி இன்னும் கொஞ்சம் இருக்குதா, சாமி?"

இன்பமேரி கதவில் நெற்றியை வைத்துச் சத்தமில்லாமல் அழுதாள். மலை கிடைத்துவிட்டது என்பதற்கு ஒரு பங்கு. மூத்தாரும் கூடவே கிடைத்துவிட்டார் என்பதற்கு ஒரு பங்கு.

ஞானசுந்தரத்தின் ஆட்கள் அறைக்கு ஐந்து பேராக நெருக்கிப் படுத்தார்கள். காலையில் மிளகுக் குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். புறப்படும்போது அவர் லூர்துராஜின் குல்லாவைத் துவைத்து மடித்துக் கொடுத்தார். கொண்டு வந்த சாமான்களைக் கொடுப்பதற்கு, வெள்ளக்கடைப் பக்கம் வேலை நின்றுபோன எஸ்டேட் லைன்களுக்கு இன்பமேரியே அவர்களைக் கூட்டிப் போனாள். அடுத்த சீசனிலும் அந்த மன்றத்துக்காரர்கள் வந்தார்கள், பேனர் இல்லாமல்.

வெப்சைட்டிலிருந்து இரக்கத்தை எடுக்கச் சொல்லிவிட்டாள். பாலசுப்பிரமணியம் போனில் மன்றாடிப் பார்த்தார்.

"அக்கா, எடுத்தா மறுபடி எட்டாம் பக்கத்துக்குப் போயிருவீங்க. தயிருக்குக் கீழ!"

"போனாப் போகுது உடுங்க தம்பி. தேடறவங்க எட்டாம் பக்கத்துக்கும் வருவாங்க."

சிலர் வரவும் செய்தார்கள். பனித்துளியில் அறை கேட்கிறவர்களிடம் அவள் இப்போதும் மூன்றுதான் உண்டு என்று சொல்கிறாள். போர்டில் நான்கு என்று போட்டிருக்கிறதே என்று அவர்கள் கேட்பதற்குள், முதலாம் அறையிலிருந்து மணி அடிக்கும். காப்பி ஐந்து நிமிடம் லேட் என்று பெரியநாயகம் உள்ளிருந்து அறிவிப்பார். "வர்றனுங்க மாமா!" என்று இன்பமேரி குரல் கொடுப்பாள். ஏரியில் படகு ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அதைக் கேட்பார்கள்.